ஜாவாஸ்கிரிப்ட் அணியிலிருந்து உறுப்புகளை நீக்குதல்: புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அணியை (அர்ரே) உருவாக்குவதையும் அதன் கடைசியில் புதிய உறுப்பைச் சேர்ப்பதையும் பெரும்பாலோர் தொடக்கப் பாடங்களிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சேர்த்ததை நீக்க வேண்டிய இடம் வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. பைத்தான் மொழியில் ஒரு மதிப்பைக் கொடுத்து அதை நீக்கச் சொல்வதற்கு ரிமூவ் என்ற மெத்தட் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அணிகளுக்கு அப்படி நேரடியான மெத்தட் எதுவும் இல்லை. பாப், ஷிஃப்ட், ஸ்ப்ளைஸ், ஃபில்டர் என்று பல வழிகள் உண்டு, ஆனால் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்பவை. இடம் பார்க்காமல் ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டால் அது பல நேரம் சரியாகவே ஓடும். சரியாக ஓடாத நேரத்தில் பிழைச் செய்தி எதையும் காட்டாமல், நீங்கள் நினைக்காத உறுப்பை நீக்கிவிட்டுப் போய்விடும். அந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. ஜாவாஸ்கிரிப்டின் சொற்களையும் மெத்தட் பெயர்களையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இண்டெக்ஸ்ஆஃப், ஃபைண்ட்இண்டெக்ஸ் போன்ற கூட்டுப் பெயர்களில் இரண்டாவது சொல்லின் முதலெழுத்தும், செட், பூலியன் ஆகியவற்றின் முதலெழுத்தும் மட்டும் பெரிய எழுத்தாக வரும். கூடை, பொருள் போன்ற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே விட்டுவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை ஏற்றுக்கொள்ளும். குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ் உலாவியில் எஃப்12 விசையை அழுத்திக் கன்சோலைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்தபடியே படியுங்கள்.

காய்கறி விற்கும் ஓர் இணையதளத்தின் கூடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

லெட் கூடை = ["தக்காளி", "வெங்காயம்", "வெங்காயம்", "கத்தரிக்காய்", "முருங்கைக்காய்"];

சுட்டெண் 0 இலிருந்து தொடங்குவதால் தக்காளியின் இடம் 0, முருங்கைக்காயின் இடம் 4, அணியின் லெங்த் (உறுப்புகளின் எண்ணிக்கை) 5. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் கூடைக்கு இதே மதிப்பை மறுபடியும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய சோதனையில் நீக்கியது அடுத்த விடையைக் குழப்பும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியவை

எந்த மெத்தடையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இருக்கும் அணியையே மாற்றப் போகிறீர்களா, அல்லது அதைத் தொடாமல், நீக்கியது போக மீதி உள்ள புதிய அணி ஒன்றைப் பெறப் போகிறீர்களா என்பது முதல் கேள்வி. நீக்க வேண்டிய உறுப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், அதன் இடமா, மதிப்பா, அல்லது அது நிறைவேற்றும் ஒரு நிபந்தனையா என்பது இரண்டாவது.

முதல் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. ஆனால் பெரிய நிரல்களில் வரும் குழப்பங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. காரணம் இதுதான்: லெட் பட்டியல் = கூடை; என்று எழுதினால் அணி நகலெடுக்கப்படுவதில்லை. இரண்டு மாறிகளும் நினைவகத்தில் உள்ள ஒரே அணியைத்தான் சுட்டுகின்றன. ஆகவே பட்டியல் வழியாக ஓர் உறுப்பை நீக்கினால் அது கூடையிலிருந்தும் போய்விடும். ஒரு செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) அணியை அனுப்பினாலும் இதே நிலைதான். உள்ளே நடந்த நீக்கம் வெளியே இருப்பவரின் அணியிலும் தெரியும். அந்த அணியை வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அதையே மாற்றலாம். உறுதி இல்லையென்றால் புதிய அணி பெறுவதே பாதுகாப்பானது.

முனைகளில் உள்ளதை நீக்குதல்

கடைசி உறுப்பை நீக்குவதற்குக் கூடை.பாப்() என்றும், முதல் உறுப்பை நீக்குவதற்குக் கூடை.ஷிஃப்ட்() என்றும் எழுத வேண்டும். இரண்டுமே இருக்கும் அணியை மாற்றுபவை. நீக்கப்பட்ட உறுப்பையே திருப்பித் தருபவை. அணி காலியாக இருந்தால் இரண்டும் பிழை எதுவும் எழுப்பாமல் அன்டிஃபைண்ட் என்ற மதிப்பைத் தரும். ஆகவே கிடைத்ததைக் கொண்டு உடனே வேறு வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் லெங்த் 0 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் தெரிந்தால் ஸ்ப்ளைஸ்

நடுவிலிருந்து நீக்குவதற்கான கருவி ஸ்ப்ளைஸ். எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை முதலிலும், எத்தனை உறுப்புகளை எடுக்க வேண்டும் என்பதை இரண்டாவதாகவும் கொடுக்க வேண்டும்.

கூடை.ஸ்ப்ளைஸ்(3, 1);

இந்த வரி ஓடியபின் கூடையில் கத்தரிக்காய் இருக்காது; முருங்கைக்காய் ஓரிடம் முன்னால் நகர்ந்து 3 ஆம் இடத்துக்கு வந்துவிடும்; லெங்த் 4 ஆகிவிடும். இடைவெளி எதுவும் மிஞ்சாது. முதல் எண் எதிர்மறையாக இருந்தால் கடைசியிலிருந்து எண்ணப்படும் என்பதால், ஸ்ப்ளைஸ்(-2, 1) என்பது கடைசிக்கு முந்தைய உறுப்பை நீக்கும். இந்த எதிர்மறை எண் வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியில் சிக்கலுக்குக் காரணமாவது இதுதான்.

ஸ்ப்ளைஸில் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, அது திருப்பித் தருவது மீதியை அன்று. நீக்கப்பட்ட உறுப்புகள் அடங்கிய ஓர் அணியை. எனவே கூடை = கூடை.ஸ்ப்ளைஸ்(3, 1); என்று எழுதினால் கூடையில் கத்தரிக்காய் மட்டும் எஞ்சி, மற்ற நான்கும் காணாமல் போகும். கற்கும் காலத்தில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இது. விடையை மீண்டும் அதே மாறியில் இட வேண்டிய தேவையே இல்லை. ஸ்ப்ளைஸ் ஏற்கெனவே அணியை மாற்றிவிட்டது. இரண்டாவது, எத்தனை என்பதை எழுதாமல் ஸ்ப்ளைஸ்(2) என்று விட்டுவிட்டால், 2 ஆம் இடத்திலிருந்து கடைசி வரை அனைத்தும் நீக்கப்படும். மூன்றாவது, ஸ்லைஸ் என்று இன்னொரு மெத்தட் இருக்கிறது. பெயர் ஒலியில் நெருக்கமாக இருந்தாலும் அது மூல அணியைத் தொடவே தொடாது, கேட்ட பகுதியை நகலெடுத்துத் தரும், அத்துடன் அதன் இரண்டாவது எண் எண்ணிக்கையைக் குறிக்காமல் எந்த இடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதைக் குறிக்கும்.

மதிப்பு தெரிந்தால் முதலில் இடத்தைத் தேடுங்கள்

பயனர் கத்தரிக்காய்க்கு எதிரே உள்ள நீக்கு பொத்தானை அழுத்துகிறார். உங்களுக்குத் தெரிந்தது பெயர் மட்டுமே. அப்போது இண்டெக்ஸ்ஆஃப் மூலம் இடத்தைக் கண்டுபிடித்து, அதை ஸ்ப்ளைஸுக்குக் கொடுப்பது வழக்கம்.

லெட் இடம் = கூடை.இண்டெக்ஸ்ஆஃப்("கத்தரிக்காய்");
கூடை.ஸ்ப்ளைஸ்(இடம், 1);

இந்த இரண்டு வரிகள் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கின்றன. கத்தரிக்காய் கூடையில் இருக்கும் வரை சரியாகவும் ஓடும். கூடையில் இல்லாத பீர்க்கங்காயை நீக்கச் சொல்லிப் பாருங்கள். தேடியது கிடைக்காவிட்டால் இண்டெக்ஸ்ஆஃப் -1 என்ற எண்ணைத் தரும். அந்த -1 அப்படியே ஸ்ப்ளைஸுக்குப் போகிறது. ஸ்ப்ளைஸுக்கு -1 என்றால் கடைசி உறுப்பு. பயனர் கேட்காத முருங்கைக்காய் கூடையிலிருந்து மறைந்துவிடும், கன்சோலில் ஒரு சிவப்பு வரி கூட வராது. பயனர் பொத்தானை இருமுறை வேகமாக அழுத்தினாலே போதும், இது நடந்துவிடும்: முதல் அழுத்தலில் கத்தரிக்காய் போகும், இரண்டாவது அழுத்தலில் அடுத்த வாடிக்கையாளர் புகார் உருவாகும். ஆகவே நடுவில் ஒரு சோதனையைக் கட்டாயம் வையுங்கள்.

இஃப் (இடம் !== -1) {
  கூடை.ஸ்ப்ளைஸ்(இடம், 1);
}

இண்டெக்ஸ்ஆஃப் முதலில் கண்ட ஒன்றை மட்டுமே சொல்லும் என்பதால், நம் கூடையில் வெங்காயத்தை இப்படி நீக்கினால் ஒன்று போய் ஒன்று மிஞ்சும். சில இடங்களில் அதுவே உங்கள் தேவையாகவும் இருக்கலாம்.

ஒப்பீடு கறாரானது என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணாக உள்ள 3, சரமாக (ஸ்ட்ரிங்) உள்ள "3" இரண்டும் இண்டெக்ஸ்ஆஃபுக்கு வேறு வேறு. படிவத்திலிருந்து வரும் மதிப்புகள் எப்போதும் சரங்களாக வருவதால், எண்கள் உள்ள அணியில் தேடும் முன்னர் அவற்றை எண்ணாக மாற்றியாக வேண்டும். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட வெற்றிடமும் ஒப்பீட்டைக் கெடுக்கும். ட்ரிம் அதை நீக்கிவிடும்.

தமிழ்த் தரவுகளோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கொத்தமல்லி என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைச் சமமாகக் கருதாது. இண்டெக்ஸ்ஆஃப் -1 என்றே சொல்லும். சரங்களுக்கு உள்ள நார்மலைஸ்() என்ற மெத்தடைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் பயன்படுத்தினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

உண்மையான கூடைகளில் பெயர்கள் மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு பொருளும் எண், பெயர், விலை ஆகியவற்றைக் கொண்ட ஓர் ஆப்ஜெக்டாக இருக்கும். அங்கே இண்டெக்ஸ்ஆஃப் உதவாது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் தனித்தனியாக உருவான இரண்டு ஆப்ஜெக்டுகள் ஜாவாஸ்கிரிப்டுக்குச் சமமல்ல. அதற்கு ஜாவாஸ்கிரிப்டின் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த ஃபைண்ட்இண்டெக்ஸ் இருக்கிறது.

லெட் இடம் = கூடை.ஃபைண்ட்இண்டெக்ஸ்(பொருள் => பொருள்.எண் === 7);

இதுவும் கிடைக்காவிட்டால் -1 தான் தரும். மேலே சொன்ன சோதனை இங்கேயும் வேண்டும்.

புதிய அணி வேண்டும் என்றால் ஃபில்டர்

என் பரிந்துரையைக் கேட்டால், புதிதாகக் கற்பவர்கள் இயல்பாகக் கைவைக்க வேண்டியது ஃபில்டரில்தான். 2009 இல் வெளியான ஐந்தாம் பதிப்பிலிருந்தே இது மொழியில் இருக்கிறது. மூல அணியை மாற்றாது, -1 பற்றிய கவலை கிடையாது, ஒரே மதிப்பு பல இடங்களில் இருந்தாலும் அனைத்தையும் ஒரே வீச்சில் கையாளும்.

லெட் மீதி = கூடை.ஃபில்டர்(பொருள் => பொருள் !== "வெங்காயம்");

மீதியில் தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய் மூன்றும் இருக்கும். கூடை ஐந்து உறுப்புகளுடன் அப்படியே நிற்கும். இங்கே நிபந்தனை எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நாம் எழுதுவது எதை நீக்க வேண்டும் என்பதை அன்று, எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை. நிபந்தனை உண்மையானால் உறுப்பு புதிய அணிக்குள் வரும். வெங்காயத்தை நீக்க நினைத்து === போட்டால் வெங்காயங்கள் மட்டும் கையில் மிஞ்சும்.

நிபந்தனையை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் எழுதும்போது ரிட்டர்ன் என்ற சொல்லை விட்டுவிட்டால் செயற்கூறு எதையும் திருப்பித் தராது; ஃபில்டர் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும்; விடையாக வருவது காலி அணி. ஃபில்டர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டது என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எதுவுமே நீங்கவில்லை என்று தோன்றினால், ஃபில்டரின் விடையை எந்த மாறியிலும் சேமிக்காமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

விடையை அதே மாறியில் இட விரும்பினால் அதை லெட் கொண்டு அறிவித்திருக்க வேண்டும். கான்ஸ்ட் கொண்டு அறிவித்த மாறிக்குப் புதிய அணியைக் கொடுக்க முடியாது, டைப்எரர் வரும். அதே கான்ஸ்ட் அணியில் ஸ்ப்ளைஸ், பாப் ஆகியவை தடையின்றி ஓடும், ஏனென்றால் கான்ஸ்ட் பூட்டுவது மாறி எந்த அணியைச் சுட்டுகிறது என்பதைத்தான், அணியின் உள்ளடக்கத்தை அன்று.

வெற்று மதிப்புகளைக் களைவதற்குக் ஃபில்டர்(பூலியன்) என்று சுருக்கமாக எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது நல், அன்டிஃபைண்ட், வெற்றுச் சரம் ஆகியவற்றோடு 0 என்ற எண்ணையும் சேர்த்தே நீக்கிவிடும். மதிப்பெண் பட்டியலிலோ கணக்கிலோ 0 என்பது ஒரு உண்மையான தகவல். எண்கள் உள்ள அணியில் இந்தச் சுருக்கத்தைத் தவிர்த்து, நீக்க வேண்டியதை வெளிப்படையாக எழுதுவது நல்லது.

மடக்குக்குள் (லூப்) நீக்கும்போது என்ன நடக்கிறது

இரண்டு வெங்காயங்களையும் நீக்குவதற்கு ஃபில்டர் தெரியாத ஒருவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்.

ஃபார் (லெட் இ = 0; இ < கூடை.லெங்த்; இ++) {
  இஃப் (கூடை[இ] === "வெங்காயம்") {
    கூடை.ஸ்ப்ளைஸ்(இ, 1);
  }
}

ஓட்டிப் பார்த்தால் ஒரு வெங்காயம் மிஞ்சியிருக்கும். படிப்படியாகத் தொடர்ந்து பார்ப்போம். இ இன் மதிப்பு 0 ஆக இருக்கும்போது தக்காளி; ஒன்றும் நடக்கவில்லை. 1 ஆகும்போது முதல் வெங்காயம் நீங்குகிறது. அந்த நொடியிலேயே, ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகியதும் பின்னால் நிற்பவர்கள் ஓரடி முன்னால் வருவதுபோல, 2 ஆம் இடத்தில் இருந்த இரண்டாவது வெங்காயம் 1 ஆம் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் மடக்கு அடுத்து 2 ஆம் இடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது இருப்பது கத்தரிக்காய். இரண்டாவது வெங்காயத்தை யாரும் பார்க்கவே இல்லை. வெங்காயங்கள் அடுத்தடுத்து இல்லாமல் இடைவிட்டு இருந்திருந்தால் இந்த நிரல் சரியான விடையைத் தந்திருக்கும். பிழை சில தரவுகளில் மட்டும் தலைகாட்டுவதால்தான் இது நெடுநாள் கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது. ஃபார்ஈச் உள்ளே ஸ்ப்ளைஸ் செய்தாலும், ஃபார்-ஆஃப் மடக்குக்குள் செய்தாலும் இதே தாவல் நிகழும்.

அதே அணியைத்தான் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மடக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் வரி மட்டும் இப்படி மாறும்.

ஃபார் (லெட் இ = கூடை.லெங்த் - 1; இ >= 0; இ--) {

இப்போது நகரும் உறுப்புகள் அனைத்தும் ஏற்கெனவே பார்த்து முடித்தவை. இனிப் பார்க்க வேண்டியவற்றின் இடம் மாறுவதில்லை. இருந்தாலும் பல்லாயிரம் உறுப்புகள் உள்ள அணியில் ஒவ்வொரு ஸ்ப்ளைஸுக்கும் பின்னால் உள்ளவை நகர வேண்டியிருப்பதால் வேலை மிகும்; ஃபில்டர் ஒரே ஒரு முறை அணியைக் கடந்து முடித்துவிடும்.

டெலீட் ஏன் கூடாது

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய சொல் டெலீட். டெலீட் கூடை[1]; என்று எழுதினால் அந்த இடத்தில் இருந்த மதிப்பு போகும், இடம் போகாது. லெங்த் 5 ஆகவே இருக்கும். கூடை[1] என்று கேட்டால் அன்டிஃபைண்ட் வரும். அணியில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. ஃபார்ஈச் அந்த ஓட்டையைத் தாண்டிச் செல்லும், ஃபார்-ஆஃப் அதை அன்டிஃபைண்ட் என்று கொடுக்கும். ஆக, ஒரே அணியை இரண்டு விதமாக எண்ணினால் இரண்டு விடைகள் கிடைக்கும். டெலீட் என்பது ஆப்ஜெக்டுகளின் பண்புகளை நீக்குவதற்கானது. அணிகளில் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

அணியை முழுவதும் காலி செய்தல்

கூடை = []; என்பது கூடை என்ற மாறிக்குப் புதிய காலி அணியைத் தருகிறது; பழைய அணியைச் சுட்டிக்கொண்டிருக்கும் வேறு மாறிகள் இருந்தால் அவற்றில் பழைய உறுப்புகள் அப்படியே இருக்கும். கூடை.லெங்த் = 0; என்பது அந்த அணியையே காலி செய்கிறது; அதைச் சுட்டும் எல்லா மாறிகளுக்கும் அது காலியாகத் தெரியும். லெங்த் மதிப்பை 2 என்று குறைத்தால் முதல் இரண்டு உறுப்புகள் மட்டும் மிஞ்சும்.

ரியாக்டில் எழுதுபவர்களுக்கு

இணையப் பக்கங்களின் திரையை உருவாக்க உதவும் ரியாக்ட் நூலகத்தின் நிலைமாறியில் (ஸ்டேட்) உள்ள அணியை ஸ்ப்ளைஸ் செய்து அதே அணியைத் திரும்பக் கொடுத்தால், பழையதும் புதியதும் ஒரே அணியாக இருப்பதால் மாற்றம் எதுவும் இல்லை என்று ரியாக்ட் எடுத்துக்கொள்ளும். திரை புதுப்பிக்கப்படாமல் போகும். ஆகவே அங்கே எப்போதும் புதிய அணியையே கொடுக்க வேண்டும். ஃபில்டர் அதற்குப் பொருத்தமானது. இடத்தை வைத்து நீக்க வேண்டுமென்றால் 2023 ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்ட டூஸ்ப்ளைஸ்ட் இருக்கிறது. ஸ்ப்ளைஸ் போலவே எண்களை ஏற்றுக்கொண்டு, மூல அணியைத் தொடாமல், நீக்கியது போக மீதியைப் புதிய அணியாகத் தருகிறது. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் 20 ஆம் பதிப்பிலும் அண்மைக்கால உலாவிகளிலும் ஓடும். பழைய கைபேசிகளில் உள்ள உலாவிகளையும் ஆதரிக்க வேண்டிய தளம் என்றால் ஃபில்டரோடு நிற்பது நல்லது. புதிய அணி என்றாலும் அதற்குள் இருக்கும் ஆப்ஜெக்டுகள் பழையவையே என்பதை மறந்துவிடாதீர்கள். மீதியில் உள்ள ஒரு பொருளின் விலையை மாற்றினால் கூடையிலும் அது மாறும்.

திரும்பத் திரும்ப வருவதை மட்டும் நீக்க வேண்டுமானால் [...நியூ செட்(கூடை)] என்ற ஒரே வரி போதும், முதலில் வந்த வரிசை மாறாமல் ஒவ்வொரு பெயரும் ஒருமுறை மட்டும் இருக்கும். இதுவும் புதிய அணிதான்.

எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள்

நீக்கும் செயற்கூறு எதுவாக இருந்தாலும் அதை நான்கு விதமான தரவுகளைக் கொண்டு ஓட்டிப் பாருங்கள்: காலி அணி, தேடும் மதிப்பே இல்லாத அணி, நீக்க வேண்டியது அடுத்தடுத்து இரண்டு முறை வரும் அணி, நீக்க வேண்டியது கடைசி இடத்தில் உள்ள அணி. ஒவ்வொரு முறையும் விடையை மட்டும் பார்க்காமல் மூல அணியையும் அதன் லெங்த் மதிப்பையும் கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டாவது சோதனையில் ஏதேனும் ஓர் உறுப்பு குறைந்திருந்தால் -1 சோதனையை விட்டிருக்கிறீர்கள்; மூன்றாவதில் ஒன்று மிஞ்சியிருந்தால், எல்லாவற்றையும் நீக்க வேண்டிய இடத்தில் இண்டெக்ஸ்ஆஃபை ஒரே ஒருமுறை அழைத்திருக்கிறீர்கள், அல்லது மடக்கு முன்னோக்கி ஓடுகிறது.